கம்பத்துக்குப் போன லாரி

2025 ஜூன் 12, வியாழன்

யாசின் கடை வேலைக்குக் கிளம்பினார். துணியைப் பால்கனியில் காயப்போட்டுவிட்டுப் பத்து மணிக்கு உட்கார்ந்தேன். பத்திலிருந்து மத்தியான லுஹர் தொழுகை வரை என் ஆபீஸ் நேரம். மலேசியாவுக்கு, இந்தப் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து எட்டு மாதமாகிறது. கணவர் யாசினைச் சார்ந்து வந்தவள் என்று விசாவில் போட்டிருக்கிறது, அதனால் வெளியே வேலை பார்க்க முடியாது. சென்னையில் பதினோரு வருடம் பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்தியவளைச் சும்மா உட்கார் என்றால் உட்காருவாளா? இருக்கவே இருக்கிறது இணையக் கலைக்களஞ்சியம். யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். எனக்கு இரண்டாவது பாதிதான் பிடிக்கும்.

இன்று நல்ல வேட்டை. 'கிள்ளான் துறைமுக லோரித் தொழில்' என்று ஒரு கட்டுரை. எழுதிய பயனரின் பெயர் 'கிள்ளான் குரு'. விஷயம் அருமை, ஆதாரங்கள் ஒழுங்கு. ஆனால் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை லோரி, லோரி, லோரி. லாரிக்கு முன்னால் கொம்பு முளைத்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு கொம்பு. அத்தனையையும் ஒடித்துப் போட்டேன்.

இன்னொரு வரி: 'ஓட்டுநர்களில் பெரும்பாலோர் கம்பத்தைச் சேர்ந்தவர்கள், நீண்ட விடுமுறைக்குக் கம்பத்துக்குப் போய்விடுவார்கள்.' தேனிக்குப் பக்கத்தில் இருக்கிற கம்பத்திலிருந்து இத்தனை பேர் லாரி ஓட்டக் கடல் தாண்டி வந்திருக்கிறார்களா, எனக்கு இது புதுச் செய்தி. வாசகருக்கு உதவியாக, 'தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலுள்ள' என்று முன்னால் சேர்த்து, அந்த ஊர்க் கட்டுரைக்கு இணைப்பும் கொடுத்தேன். ஊர்க் கட்டுரையிலும் போய், 'இவ்வூரினர் பலர் மலேசியாவில் லாரி ஓட்டுநர்களாக இருந்தனர்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

மனசு நிறைந்திருந்தது. மத்தியானத்துக்கு மீன் ஆணம் வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

முப்பத்தொரு கொம்பும் திரும்ப முளைத்துவிட்டன. குரு என் திருத்தம் மொத்தத்தையும் மீளமைத்து, பழையபடி ஆக்கிவிட்டார். காரணம் எழுதும் கட்டத்தில் இரண்டே சொல்: 'லோரி லோரிதான்.'

நானும் மீளமைத்தேன். என் காரணம்: 'எழுத்துப்பிழை. தயவுசெய்து அகராதியைப் பார்க்கவும்.' நான் தயவுசெய்து என்று எழுதினால் கோபமாக இருக்கிறேன் என்று அர்த்தம். அது யாசினுக்குத் தெரியும். அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 15, ஞாயிறு

மூன்று முறை அவர், மூன்று முறை நான். இன்று காலையில் பார்த்தால் கட்டுரைக்குப் பூட்டு. யாரும் கை வைக்க முடியாது. போட்டவர் நிர்வாகி மலர்விழி. கோயம்புத்தூரில் கல்லூரி நூலகர். நாங்கள் எல்லாரும் கொஞ்சம் பயப்படுகிற ஆள். பூட்டு விழுந்த நேரத்தில் இருந்தது என் வடிவம். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

மத்தியானம் அவரே கூப்பிட்டார். "நசீமா, ஆகஸ்ட் முப்பத்தொண்ணு மலேசியாவோட தேசிய நாள். அன்னிக்கு முதற்பக்கத்துல இந்தக் கட்டுரையத்தான் போடறதா இருந்தேன். ஆகஸ்ட் பதினஞ்சுக்குள்ள ரெண்டு பேரும் உரையாடல் பக்கத்துல பேசி ஒரு முடிவுக்கு வாங்க. இல்லைன்னா எடுத்துட்டு வேற ஏதாவது போட்டுக்கறேன்."

"லாரிய லாரின்னு எழுதறதுக்கு என்னங்க பேச்சுவார்த்தை?"

"லோரிய லோரின்னு எழுதறதுக்கு என்ன பேச்சுவார்த்தைன்னு அவரும் இப்பத்தான் கேட்டார்" என்றார்.

ஜூன் 18, புதன்

உரையாடல் பக்கத்தில் ஐந்து அம்சங்களாகப் பிரித்து எழுதினேன். அகராதி, பாடநூல், நாளிதழ், ஒருமைப்பாடு, வாசகர் வசதி. எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்து ரசித்தேன்.

சாயங்காலம் குருவின் பதில்: "அக்கா, நான் ட்ரெய்லர் ஓட்டுறவன். போர்ட்ல கொள்கலன் ஏத்த மூணு மணி நேரம் காத்திருப்பேன். அந்த டைம்ல போன்ல எழுதுறேன். அஞ்சு பாயிண்டுக்கும் பதில் சொல்ல டைம் இல்ல. எங்க பேப்பர்ல லோரி. நான் படிச்ச தமிழ்ப்பள்ளியில லோரி. நான் எழுதுறது பிழைன்னா இந்த நாட்டுல எல்லாருமே பிழையா?"

கேள்வி நல்ல கேள்விதான். பதிலுக்கு ஆறாவது அம்சம் ஒன்று எழுதினேன்.

ஜூன் 21, சனி

குரு எழுதியிருக்கிறார்: "சரி அக்கா. நான் நிறுத்திக்கிறேன். நல்ல தமிழ் தெரிஞ்சவங்க யாராவது எழுதட்டும்." அவ்வளவுதான். அதன்பிறகு அவர் எதையும் தொடவில்லை.

மலர்விழியின் செய்தி இன்னும் சின்னது. "212 கட்டுரை எழுதினவர். மலேசியாவுல இருந்து தொடர்ந்து எழுத நமக்கு இப்போ வேற ஆள் இல்லை."

நான் என்ன சொன்னேன்? லோரி என்று எழுதாதீர்கள் என்றேன். போங்கள் என்றா சொன்னேன்? யாசின் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, "அப்ப நீ ஜெயிச்சுட்ட" என்றார். குத்தலாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா தெரியவில்லை. சாப்பிடப் பிடிக்காமல் எழுந்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

இஸ்லாமியப் புத்தாண்டு விடுமுறை. லிப்டில் பக்கத்து வீட்டு புஷ்பவல்லி ஆன்டி. கையில் இரண்டு பை, ஒரு கேக் பெட்டி.

"கம்பத்துக்குப் போறோம்மா. ஞாயித்துக்கிழமை வந்துருவோம். செடிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்துறியா?"

"மூணு நாள்ல தேனி வரைக்கும் போயிட்டு வந்துட முடியுமா ஆன்டி?"

"தேனியா? அது எங்கம்மா இருக்கு? நாங்க கோல சிலாங்கூர் போறோம். அங்கிளோட கம்பம்."

"அங்க கம்பம்னு ஒரு ஊர் இருக்கா?"

"ஊர் பேரு இல்லம்மா. எல்லாருக்கும் ஒரு கம்பம் இருக்கும்லா. மலாய்ல கம்போங்னு சொல்லுவாங்களே, கிராமம். நாங்க கம்பம்போம்."

கதவு திறந்தது. ஆன்டி இறங்கிப் போனார்கள். நான் பால் வாங்க வந்தவள், இறங்காமல் அதே லிப்டில் மேலே வந்துவிட்டேன்.

கம்போங், கம்போங் என்று எத்தனை ரயில் நிலையத்தில், எத்தனை சாலைப் பலகையில் படித்திருக்கிறேன். அதைத்தான் இவர்கள் கம்பம் என்று எழுதுகிறார்கள் என்பது இந்த எட்டு மாதத்தில் என் மண்டையில் ஏறவில்லை. குரு எழுதியது, ஓட்டுநர்கள் கிராமத்து ஆட்கள், விடுமுறைக்குத் தங்கள் ஊருக்குப் போவார்கள் என்று. நான் கிள்ளான் துறைமுகத்தின் லாரி ஓட்டுநர்கள் மொத்தப் பேரையும் கொண்டுபோய்த் தேனி மாவட்டத்தில் குடியேற்றியிருக்கிறேன். அதை அப்படியே வைத்துப் பூட்டும் போட்டிருக்கிறார்கள்.

யா அல்லாஹ்.

ஜூன் 28, சனி

தேனிக் கம்பம் கட்டுரைக்குப் பூட்டு இல்லை. நான் சேர்த்த வரியை எடுக்கப் போனால், அதன் உரையாடல் பக்கத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார்: 'எங்கள் ஊர் ஓட்டுநர்கள் மலேசியாவிலும் லாரி ஓட்டியது இப்போதுதான் தெரிந்தது. சேர்த்தவருக்கு மிக்க நன்றி.'

வரியை எடுத்துவிட்டேன். அந்த மனிதருக்குப் பதில் எழுதாமல் பக்கத்தை மூடினேன்.

ஜூலை 1, செவ்வாய்

யாரும் கவனிக்கவில்லை. குரு போய்விட்டார். மலர்விழிக்கும் கம்பம் என்றால் தேனிதான். பூட்டுத் திறந்ததும் அந்த மூன்று சொல்லைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் — யாருக்குத் தெரியப்போகிறது? பழைய திருத்தங்களைத் தோண்டிப் பார்க்கிற ஆள் யார்? நான்தான் தோண்டுவேன். வேறு யாருக்கும் அந்தப் புத்தி கிடையாது.

சொன்னால்? பதினாலாயிரம் திருத்தம் செய்தவளுக்குக் கம்பம் தெரியவில்லை என்பார்கள். ஐந்து அம்சமும் போச்சு. ஆறாவதும் போச்சு.

ஜூலை 3, வியாழன்

யாசினிடம் சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று தெரியும். இவ்வளவு நேரம் சிரிப்பார் என்று நினைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காக்காவ மறந்துட்டியா நசீமா?" என்றார்.

சுருக்கென்று கோபம் வந்தது. அதை எப்படி மறப்பேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால், கீழக்கரைக் கல்யாணம் பற்றி எழுதினேன். கலைக்களஞ்சியத்தில் என் முதல் கட்டுரை. எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். 'பெண்ணின் காக்கா வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்பார்' என்று எழுதியிருந்தேன். யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் காக்காவுக்குக் காகம் கட்டுரையின் இணைப்பைக் கொடுத்தார். அழுத்தினால் கறுப்பாக ஒரு பறவையின் படம் வரும். இன்னொருவர் வந்து 'கொச்சை' என்று காரணம் எழுதி, ஒன்பது காக்காவையும் அண்ணன் ஆக்கினார். நான் வாதாடினேன். எனக்கும் அம்சம் அம்சமாகத்தான் பதில் வந்தது. அன்று உமர் காக்காவுக்குப் போன் போட்டு அழுதேன். "போகட்டும்மா. நீ என்னைக் கூப்பிடறத எவன் வந்து திருத்தப் போறான்" என்று தேற்றினார்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கத்துக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயித்த கட்சியில் போய்ச் சேர்ந்துகொண்டேன். ஏழு வருடம் அகராதியைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் எழுதியதற்குள் புகுந்தேன். இதை இன்றைக்குத்தான் நானே எழுதிப் பார்க்கிறேன். கேவலமாக இருக்கிறது.

"இப்ப என்னங்க பண்றது?"

"தப்புன்னா தப்புன்னு எழுது. வருஷக்கணக்கா அடுத்தவங்களுக்கு அதத்தான எழுதிட்டிருக்க?"

ஜூலை 4, வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்கு யாசின் போயிருந்த நேரத்தில் எழுதிவிட்டேன். இங்கேயும் ஒரு பிரதி இருக்கட்டும்:

'குரு அவர்களுக்கு. உங்கள் கட்டுரையில் கம்பம் என்பதைத் தேனி மாவட்டத்து ஊர் என்று நினைத்து மாற்றியது நான். நீங்கள் எழுதியதுதான் சரி. பக்கத்து வீட்டு ஆன்டி லிப்டில் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. பூட்டு இருப்பதால் இப்போது திருத்த முடியவில்லை. லோரி விஷயத்திலும் நான் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். என் ஊர்க் கட்டுரையில் காக்காவைக் காகமாக்கி, பிறகு அண்ணனாக்கியபோது எனக்கு வலித்தது. அதையே உங்களுக்குச் செய்திருக்கிறேன். மன்னியுங்கள். திரும்ப எழுதுங்கள்.'

அம்சம் எதுவும் இல்லை. அனுப்புமுன் ஒற்றுப்பிழை மட்டும் பார்த்தேன்.

ஜூலை 7, திங்கள்

பதில் இல்லை.

ஜூலை 9, புதன்

பதில் இல்லை. புஷ்பவல்லி ஆன்டி கம்பத்திலிருந்து கொண்டுவந்த ரம்புத்தான் பழம் தீர்ந்துவிட்டது. தேனிக்காரருக்கு மட்டும் உண்மையைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டு எழுதினேன். 'பரவாயில்லை, கொஞ்ச நாள் பெருமையாக இருந்தது' என்று பதில் போட்டிருக்கிறார். நல்ல மனிதர்.

ஜூலை 11, வெள்ளி

குரு வந்துவிட்டார்.

"அக்கா, ஜோகூருக்கு லோட் போயிருந்தேன், இன்னிக்குத்தான் பார்த்தேன். போர்ட் கேட்ல லைன்ல உக்காந்து படிச்சேன். சிரிச்ச சிரிப்புல லைன் நகந்தது தெரியல, பின்னாடி ஒரே ஹார்ன். என் மாமாவும் அந்தக் காலத்து லோரி டிரைவர். அவருக்குப் போன் பண்ணி, நீங்க இப்ப தேனிக்காரர் ஆயிட்டீங்கன்னு சொன்னேன். டிக்கெட் யாரு போடுறான்னு கேக்குறார்."

அதற்குக் கீழே: "என் மேலயும் தப்பு இருக்கு. வெளியூர்க்காரங்க படிப்பாங்கன்னு நான் நெனச்சுப் பார்க்கவே இல்ல. கம்பம்னா உலகத்துக்கே கம்பம்தான்னு எழுதிட்டேன். பேசலாம் அக்கா."

வாய்விட்டுச் சிரித்தேன். கொஞ்சம் அழுகையும் வந்தது. எவ்வளவு நாளாக நெஞ்சில் வைத்திருந்தேன் என்பது அது இறங்கியபோதுதான் தெரிந்தது.

ஜூலை 19, சனி

யாசினின் முதலாளி கிள்ளானில் ஒரு துணிக்கடை திறக்கப் பார்க்கிறார். இடம் பார்க்க யாசின் போனார், நானும் ரயிலில் தொற்றிக்கொண்டேன். குருவை அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். நாற்பது வயதிருக்கும். வேலை முடிந்து, ஒளிரும் பச்சை மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"அக்கா, நான் உங்கள ரிட்டையர் ஆன தலைமையாசிரியைன்னு நெனச்சேன். கொண்டை, கண்ணாடி, கையில ரூலர்."

"ரூலர் மட்டும் வச்சிருக்கா" என்றார் யாசின்.

தே தாரிக் என்கிற டீ வந்தது. குரு பையிலிருந்து ஒரு டெலிவரி தாளை எடுத்துத் திருப்பிப் போட்டார். வெறும் பக்கத்தில் இரண்டு பேரும் விதி எழுதினோம். 'கட்டுரை எந்த ஊரைப் பற்றியதோ, அங்கே அச்சில் வழங்கும் சொல்லையே பயன்படுத்தலாம். முதன்முறை வரும்போது மற்ற ஊர் வாசகருக்கு அதன் பொருளைச் சொல்ல வேண்டும்.' அச்சில் என்பது என் பிடிவாதம். வாயில் வருவதை எல்லாம் எழுத விட்டால் நான் எதற்கு இருக்கிறேன்? அதற்கு அவர் உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் 'பயன்படுத்தலாம்' என்ற சொல்லில் நாற்பது நிமிடம் நின்றோம்.

"லாம்னு போட்டா மறுபடியும் யாராவது வந்து திருத்துவாங்க அக்கா."

"யாரு வருவா?"

"உங்கள மாதிரி யாராவது."

'பயன்படுத்த வேண்டும்' என்று மாற்றினேன். யாசின் இரண்டாவது தே தாரிக்கை முடித்துவிட்டு, இவ்வளவு கவனமாக எங்கள் கல்யாண ஒப்பந்தத்தைக்கூட யாரும் எழுதவில்லை என்றார். கிள்ளான் எனக்குப் பிடித்திருந்தது. யாசினிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

விதியைப் பொது விவாதத்துக்கு வைத்து ஒரு வாரமாகிறது. லாரியும் தவறு, லோரியும் தவறு, பாரவூர்தி என்பதே தமிழ் என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். எனக்குக் கை துறுதுறுத்தது. குரு முந்திக்கொண்டார்: "அத ஓட்ட எனக்கு லைசன்ஸ் இல்லீங்க."

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு மூன்று. மலர்விழி கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் விவாதத்தை முடித்து விதியை ஏற்றுப் பூட்டைத் திறந்தார். எதிர்த்தவர்கள் சொன்னதையும் சேர்த்து, ஆதாரம் இல்லாத இடத்தில் பொதுச்சொல்லே வரும் என்று ஒரு வரி போட்டோம். பாரவூர்திக்காரர்கூட அதற்கு நன்றி சொன்னார்.

யார் மாற்றுவது என்று குருவைக் கேட்டேன். "நீங்களே போடுங்க அக்கா. நீங்கதான ஒடிச்சீங்க?"

ஒரே அழுத்தலில் முப்பத்தொன்றையும் மாற்றலாம். அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு கொம்பாகக் கையால் வைத்தேன். முதல் இடத்தில் மட்டும் 'லோரி (தமிழ்நாட்டில் லாரி)' என்றும், 'கம்பம் (கிராமம்)' என்றும் போட்டேன். வழியில் இரண்டு ஒற்றுப்பிழை கண்ணில் பட்டது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் திருத்தினேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

முதற்பக்கத்தில் வந்துவிட்டது. புஷ்பவல்லி ஆன்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். முழுதும் படித்துவிட்டு, "நம்ம தமிழாவே இருக்கும்மா" என்று சொல்லி, கேசரி கொடுத்துவிட்டுப் போனார்கள்.

செப்டம்பர் 12, வெள்ளி

பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தபோது போனில் அறிவிப்பு. நான் கவனிக்கும் பக்கம் ஒன்றில் மாற்றம். ஏழு வருடமாக யாரும் தொடாத பக்கம் அது, கீழக்கரைக் கல்யாணம். அடித்துப் பிடித்துத் திறந்தேன்.

ஒன்பது இடத்திலும் அண்ணனை எடுத்துவிட்டுக் காக்கா போட்டிருக்கிறது. முதல் இடத்தில் மட்டும், 'காக்கா (அண்ணன்)'. கீழே அச்சு ஆதாரம், பக்க எண்ணோடு. கொள்கலனுக்குக் காத்திருந்த எத்தனை மணி நேரத்தில் அதைத் தேடிப் பிடித்தாரோ. காரணம் எழுதும் கட்டத்தில் இரண்டே சொல்: 'காக்கா காக்காதான்.'

தரையில் அந்தப் பேப்பருக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு ஊருக்குப் போன் போட்டு ஒன்பது வரியையும் உமர் காக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"யாரும்மா அந்தப் புள்ள? நம்ம ஊரா?"

"இல்ல காக்கா. இங்க கிள்ளான் பக்கம், கம்பத்துக்காரர்."

"தேனிக்காரரா?" என்றார்.

யாசினுக்குக் கிள்ளான் கடைக்கு மாற்றல். நாளைக் காலை ஒன்பது மணிக்குச் சாமான் ஏற்ற லோரி வருகிறது, குருவே ஏற்பாடு செய்திருக்கிறார். பத்தரைக்குள் கிள்ளானில் இருக்க வேண்டும். திரைச்சீலைகளை இன்னும் கழற்றவில்லை.